ஹீட்டர் வேண்டாம், காற்றாடி வேண்டும்: பெஸ்தாரி ஜெயாவில் என் முதல் செடித் தொட்டி

செடி வைத்த மீன் தொட்டி எப்படி அமைப்பது என்று யூடியூபில் தேடினால் வருபவை பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்த வீடியோக்கள். பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஹீட்டர் வந்துவிடும். எந்த ஹீட்டர், எத்தனை வாட், எந்த மூலையில் ஒட்டுவது என்று நீளும். மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) கூடத்தில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வைத்தால், மதியம் மூன்று மணிக்கு அது தானாகவே 30 டிகிரிக்கு வந்து நிற்கும். சிங்க் கூரை வீடு, வேறென்ன எதிர்பார்ப்பது? அதனால் பார்த்ததில் பாதியை ஓரம் வைத்துவிட்டு, இந்தச் சூட்டுக்கு எது ஒத்துவருமோ அதை வைத்தே தொட்டி போடுவது என்று முடிவு செய்தேன்.

சூட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடும். பாசியும் குஷியாகிவிடும். தரை முழுக்கப் படரும் குட்டிச் செடிகள், பளீரென்ற விளக்கு, கரியமில வாயு சிலிண்டர் என்று ஆசை காட்டும் தொட்டிகள் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரில்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். தண்ணீரைக் குளிர வைக்கச் சில்லர் என்று ஒரு கருவி விற்கிறது. அதன் விலைக்கு என் தொட்டி மாதிரி இன்னும் சில தொட்டிகள் வாங்கிவிடலாம். ஆகவே சிலிண்டர் இல்லை, சில்லர் இல்லை, சுமாரான எல்.இ.டி. விளக்கு, இந்தப் பக்கத்துச் செடிகள். அவ்வளவுதான் திட்டம்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். மண், கட்டை எல்லாம் போனபிறகு 45 லிட்டர் மாதிரி நிற்கிறது. கண்ணாடி, மண், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆள் கனம். பழைய டிவி அலமாரியின் தூள்பலகை இதைத் தாங்காது, ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும் வேறு. இரும்புக் கோணச்சட்டத்தில் ஒரு ஸ்டாண்டு அடித்து வாங்கினேன். மாலை வெயில் விழாத உட்சுவர் ஓரமாகப் போட்டாயிற்று.

இனி மண். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். கடையில் விற்கும் அக்குவா சாயில் (செடித் தொட்டிக்கென்றே தயாரித்த மண்) நல்ல சாமான்தான், விலைதான் கையைக் கடிக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டட் சாதாரணத் தோட்ட மண்ணையே அடியில் போட்டு, மேலே மணலால் மூடும் முறையைப் பரப்பியவர். அதைப் பின்பற்றினேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டம் இருந்தும் அங்கிருந்து ஒரு பிடி மண்கூட எடுக்கவில்லை. உரமும் களைக்கொல்லியும் விழுந்து விழுந்து ஊறிய மண் அது. வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலை மரத்தடியில், உரம் கண்டிராத இடமாகப் பார்த்துக் கிண்டினேன். அம்மா கையில் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"வேரைத் தொட்ட, அப்புறம் ரசத்துக்கு நீதான் கறிவேப்பிலை வாங்கிட்டு வரணும்."

மண்ணை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் குச்சி, சருகு, செத்த எறும்பு எல்லாம் மேலே மிதக்கும். அதை வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். மேல்தண்ணீர் ஓரளவு தெளியும் வரை இதையே செய்து, பிறகு வெயிலில் காயவைத்துச் சல்லடையில் சலித்தேன். சலித்த மண் ஒரு அங்குலக் கனம், அதற்கு மேல் ஆற்று மணல் ஒரு அங்குலம். எங்கள் பக்கத்து மண் செம்மண்; இரும்புச்சத்து அதிலேயே இருக்கிறது. செடித் தொட்டிக்காக இதே மாதிரி செம்மண்ணைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது சிரிப்புதான் வந்தது.

மணல் ஹார்ட்வேர் கடையில் வாங்கியது. அதில் ஒரு பிடியைத் தட்டில் போட்டுச் சமையலறை வினிகரை ஊற்றிப் பார்த்தேன். நுரை பொங்கினால் கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். என் மணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வந்தது. பொறுக்க முடிந்த சிப்பித் துண்டுகளைப் பொறுக்கி எறிந்தேன். பேராக் பக்கம் ஈப்போ, கம்பார் மாதிரி சுண்ணாம்பு மலையடியில் இருப்பவர்கள் அழகாக இருக்கிறதே என்று கல் பொறுக்கிப் போடுவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்து பார்க்கலாம்.

கட்டைக்கு அப்பா ஒரு யோசனை சொன்னார். "பழைய ரப்பர்க் கட்டை கிடக்குதேப்பா, அதையே போடேன்." பால் வெட்டிய கை, ரப்பர் மரத்தின் மேல் அவருக்குப் பாசம் உண்டு. ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சணமும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும், மருந்தில் ஊறவைக்காமல் யாரும் மேசை நாற்காலிகூடச் செய்வதில்லை. தண்ணீரில் போட்டால் அழுகித் தீர்த்துவிடும். கடையில் டிரிஃப்ட்வுட் ஒரு துண்டு வாங்கி, பெரிய தேக்சாவில் வேகவைத்து, மூழ்கும் வரை வாளியில் ஊறப்போட்டேன். தொட்டிக்குள் போனதும் அதன் மேல் வெள்ளைச் சளி மாதிரி ஒன்று படர்ந்தது. அதனால் தீங்கில்லை, கொஞ்ச நாளில் தானாகவே போய்விட்டது.

செடிகள்: கிரிப்டோகொரைன் வெண்டி, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், வாலிஸ்னேரியா. வெண்டி இலங்கைக்காரி. ஜாவா ஃபெர்ன் நம் நாட்டு ஓடைக் கற்களிலும் வளர்வது. அனுபியாஸ் மட்டும் ஆப்பிரிக்கா, ஆனால் எதையும் தாங்கும். ஃபெர்னுக்கும் அனுபியாஸுக்கும் உள்ள தடித்த கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும். கறுப்பு நூலால் கட்டையோடு கட்டிவிட்டேன். மற்ற இரண்டையும் நட்டு, மணல் கலையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் கட்டி, அதாவது சோடியம் தயோசல்பேட், அதை உடனே முறித்துவிடும்.

அடுத்ததுதான் எந்த வீடியோவிலும் நான் பார்க்காத விஷயம். மீன் விடுவதற்கு முன் தொட்டி பழக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மண்ணிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் அம்மோனியா வரும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவதைச் செடி தின்னும். இந்தப் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரம் பிடிக்கும். சரி, ஆனால் நம் ஊரில் மீன் இல்லாத தண்ணீர் வாரக்கணக்கில் நின்றால் என்ன நடக்கும்? ஏடிஸ் கொசு. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்குப் பத்து நாளே அதிகம். டிங்கி பயம் ஒரு பக்கம், சுகாதார அதிகாரிகள் வீடு வீடாகப் பார்க்க வரும்போது ஜென்டி (கொசுப்புழு) கண்டால் சம்மன் இன்னொரு பக்கம். 1975ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. "லொங்காங்ல (சாக்கடையில்) நாலு மீன் பிடிச்சிப் போடேன்" என்றார் அம்மா. சாக்கடைக் கப்பி ஜென்டியை நன்றாகத்தான் தின்னும், கூடவே என்னென்ன ஒட்டுண்ணியைக் கொண்டுவருமோ. அதற்குப் பதில் ஸ்பான்ஞ் ஃபில்ட்டரின் (காற்றுக் குமிழில் ஓடும் பஞ்சு வடிகட்டி) காற்றைக் கூட்டி மேல்பரப்பு எந்நேரமும் அலைந்துகொண்டிருக்கும்படி வைத்தேன். தொட்டி வாயைக் கொசுவலைத் துணியால் இழுத்துக் கட்டினேன். ஒரு ஜென்டிகூட வரவில்லை.

இதற்கிடையே வெண்டி கரையத் தொடங்கியது. இதைப் பற்றிப் படித்திருந்தாலும் நேரில் பார்க்கும்போது வயிறு கலங்கத்தான் செய்தது. முதலில் இலை ஓரத்தில் ஊசிமுனை ஓட்டைகள். பிறகு பழுப்பு நிறம் வெளிறி, இலை கண்ணாடித் தாள் போல ஊடுருவித் தெரிந்தது. விரலால் தொட்டால் சதை வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, நடுநரம்பு மட்டும் நூலாக நின்றது. கடைக்கு வரும் செடி பெரும்பாலும் பண்ணையில் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கப்பட்டது. முழுக்க மூழ்கியதும் அந்த இலைகளைக் கைவிட்டுத் தண்ணீருக்கு ஏற்ற புது இலை விடும். அழுகியதைக் கிள்ளி வெளியே எடுப்பதோடு நம் வேலை முடிந்தது. செடியைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. அதன் வேர் அடியில் செம்மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் சுருட்டிய வெற்றிலைக் காம்பு அளவில் ஒரு செந்தளிர் வந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா மட்டும் வந்தார்.

மண்ணில் காற்றுக் குமிழ் தேங்காமல் இருக்க அவ்வப்போது சத்தே குச்சியால் ஆழமாகக் குத்திவிடுகிறேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அடிக்கடி. செடியோடு ஒட்டி வந்த கூர்நத்தைகளும் மண்ணுக்குள் புகுந்து அதே வேலையைச் செய்கின்றன. உலகம் முழுக்க அதற்கு மலேசியன் டிரம்பெட் நத்தை என்றுதான் பெயர். காசு கொடுக்காமல் வந்த கூலியாள்.

சூட்டுக்கு வருவோம். மேசைக் காற்றாடி ஒன்றின் குட்டி வடிவம், யூ.எஸ்.பி.யில் ஓடுவது, இரவுச் சந்தையில் வாங்கினேன். தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வீசும்படி கட்டினால், ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மதியம் 30ஐத் தாண்டிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது 28ஐ ஒட்டி நிற்கிறது. மழைநாளில் காற்றில் ஈரம் கூடிவிட்டால் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, ஆனால் அன்றைக்குச் சூடும் குறைவுதான். விளக்கு ஆறு மணி நேரம், டைமரில். சாயங்கால இடிக்கு மெயின் சுவிட்ச் டிரிப் ஆகிவிடும். முள் வைத்த டைமர் அதோடு நின்று பின்தங்கிப் போகும். பேட்டரி உள்ள டைமருக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. தண்ணீர்த் தடைக்கு எப்போதும் ஒரு டிரம் நிறைத்து வைத்திருக்கிறேன், இது சிலாங்கூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியா மஞ்சளாகவும் நைட்ரைட் வெளிர்நீலமாகவும், அதாவது இரண்டும் பூஜ்யமாகவும், தொடர்ந்து காட்டிய பிறகுதான் மீன். ஹார்லிகுயின் ரஸ்போரா ஒரு சிறு கூட்டம். செம்பு நிற உடம்பு, பின்பாதியில் கறுப்பு முக்கோணம். தீபகற்பத்தின் ஓடைகளிலேயே பிறந்த மீன். மிருதுவான, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர் அதற்கு இஷ்டம். அதற்காகக் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றைக் காயவைத்துப் போட்டேன், தண்ணீர் வெளிர்தேநீர் நிறத்துக்கு வந்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ராஜா மூசா காப்புக்காட்டின் காம்புட் நிலத்தில் (மக்கிய செடிகொடி சேர்ந்த சதுப்பு) ஓடும் தண்ணீர் இதைவிட அடர்த்தி, கட்டங்காப்பி நிறம். வடசிலாங்கூரின் அந்தச் சதுப்புக் காடுகளில் மட்டுமே வாழும் ஒரு சண்டை மீன் உண்டு, பெட்டா லிவிடா. 1992இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. இப்போது அழியும் ஆபத்தில் இருக்கிறது. "நம்ம காட்லயே கிடைக்குதாமே, பிடிச்சிக்கிட்டு வரலாமா அண்ணே?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். செடியும் அப்படித்தான், காப்புக்காட்டிலிருந்து அனுமதி இல்லாமல் எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். கடைச் செடிக்கும் கடை மீனுக்கும் என்ன குறை?

ரஸ்போராவைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அது முட்டையிடுவது கிரிப்டோகொரைன் மாதிரி அகன்ற இலைகளின் அடிப்புறத்தில். போன வாரம் ஒரு காலையில் பெண் மீன் மல்லாந்து, வயிற்றை இலையின் அடியில் தேய்த்துத் தேய்த்துப் போவதைப் பார்த்தேன். ஆண் மீன் பக்கத்தில் வந்து உடம்பை வளைத்து அதை அணைத்தது, ஒரு நொடி இரண்டும் நடுங்கின. டார்ச் அடித்துப் பார்த்தால் இலைக்கடியில் ஜவ்வரிசியைவிடச் சிறிய தெளிந்த மணிகள். மதியத்துக்குள் கூட்டமே சேர்ந்து தின்றுவிட்டது. குஞ்சு வேண்டுமென்றால் பெரியவற்றைத் தனியே பிரிக்க வேண்டும், அதற்கு இன்னொரு தொட்டி வேண்டும். அம்மாவிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை.

இப்போதைய நிலவரம்: நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமை ஒட்டி. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். அனுபியாஸ் இலையோரத்தில் கரும்பாசி முளைத்ததால் கட்டையோடு நகர்த்தி ஃபெர்ன் நிழலுக்குள் தள்ளியிருக்கிறேன். வாலிஸ்னேரியாதான் அடங்காமல் ஓடுகொடி விட்டு முன்பக்கம் வரை வந்துவிட்டது, வாரக் கடைசியில் பிடுங்கப்போகிறேன். இந்தப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் பையில் போட்டுத் தருகிறேன், நத்தையும் சேர்ந்தே வரும்.