லாசாவுக்கு அப்பால்

13 பிப்ரவரி 2026, வெள்ளி

சீனப் பெருநாள் விடுமுறை. மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணமே பாதி காலி. மாமாவின் பழைய ஹைலக்ஸுக்கு எண்ணெய் மாற்றி, சேற்றில் மாட்டினால் வண்டியை இழுக்கும் வின்ச் கம்பியை முழுக்க இழுத்துப் பார்த்தோம். நாளை பக்கத்து ஊரான லாசா தாண்டி, பாலாக் (வெட்டுமர) லாரிகள் ஓடிய பழைய மண்பாதையில் குவாலா மூ என்ற பூர்வகுடிக் கிராமத்துப் பக்கம் போகிறோம். அனுமதிக் கடிதம் பையில் இருக்கிறது. அதற்கு அலைந்தது தனிக் கதை.

14 பிப்ரவரி, சனி

எல்பில் தோட்டத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் மாமா வேகத்தைக் குறைத்தார். 1948 ஜூன் 16 காலையில் அங்கேதான் வெள்ளைக்காரத் தோட்டத் துரையைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அரை மணி நேரத்தில் வேறொரு தோட்டத்தில் இன்னும் இருவர். மலாயாவில் அவசரகாலம் வந்தது, 1960 வரை போகவில்லை.

பாட்டி துரையைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசியதெல்லாம் சோற்றைப் பற்றித்தான். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் சோதனை. ரப்பர் பால் வெட்டப் போகிறவர் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது; காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். டின் சாமான் வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், பதுக்கி வைக்க முடியாதபடி. கடைசிக் காலம்வரை பாட்டி வீட்டில் மத்தி டின் ராத்தங்கியதில்லை.

தார் முடிந்த இடத்தில் டயர் காற்றை 32 இலிருந்து 20க்கு இறக்கினோம். மூன்றாவது ஏற்றத்தில் செம்மண் சேறு, அச்சு வரை. மரத்தைச் சுற்றி அகல வாரைப் போட்டுத்தான் மாமா கம்பியை மாட்டினார். வெறும் கம்பி பட்டையை அறுத்துவிடும் என்றார். முப்பது வருஷம் பால் வெட்டின கை, மரத்துக்கு நோவதை அதனால் பார்க்க முடியாது. கம்பி நடுவில் நனைந்த கோணி ஒன்று. அறுந்தால் முகத்துக்குச் சீறாமல் கீழே விழும்.

நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் தெமியார் என்ற பூர்வகுடிப் பையன் ஒருவன் பெத்தாய்க் காய்க் கட்டோடு கப்சாய் மோட்டார் சைக்கிளில் வழுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். மேலே மரப்பாலம் போய்விட்டது, லாரிகூட ஏறாது என்றான் மலாயில். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னான்.

சரி, அவ்வளவுதான். ஆற்றோரம் கூடாரம். அத்தை கட்டிக்கொடுத்த நெத்திலி சம்பல் சோறு. காலில் நாலு அட்டை.

15 பிப்ரவரி, ஞாயிறு

மதியம் வீடு. இரண்டு மத்தி டின்னில் ஒன்று மிச்சம். அத்தை அலமாரியில் வைத்தார். வண்டி அடியில் இரண்டு கிலோ மண்ணாவது இருக்கும். நாளைக்குக் கழுவணும்.