கூட்னி மலைகளில் ஸ்கீ பயணம்: கணவாய்களை வைத்துத் திட்டம் போடுங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், தென்கிழக்கு மூலையில் கூட்னி மலைகளைச் சுற்றி ஓடும் சாலைகளை ‘பவுடர் ஹைவே’ (பொடிப்பனி நெடுஞ்சாலை) என்பார்கள். கோல்டன், ரெவல்ஸ்டோக், நெல்சன், ராஸ்லாண்ட், ஃபெர்னி என்று சின்னச் சின்ன ஊர்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு ஸ்கீ மலை, அதாவது பனிச்சறுக்குத் தளம். பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவின் கால்கரியில் வாடகைக் கார் எடுத்து ஒரு சுற்று சுற்றி அங்கேயே திரும்ப ஒன்பது இரவுகள் வேண்டும்: கோல்டனில் 2, ரெவல்ஸ்டோக்கில் 2, நெல்சனில் 3, ஃபெர்னியில் 2. ராஸ்லாண்டுக்கு நெல்சனிலிருந்தே காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்.

எந்த மலையில் எத்தனை நாள் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் பயணம் கெடுவது ஊர்களுக்கு நடுவே இருக்கும் கணவாய்களில்தான். கோல்டனுக்கும் ரெவல்ஸ்டோக்குக்கும் இடையே ரோஜர்ஸ் கணவாய், 1,330 மீட்டர். நெல்சனிலிருந்து ஃபெர்னி போகும் வழியில், சால்மோவுக்கும் கிரெஸ்டனுக்கும் இடையே கூட்னி கணவாய், சுமார் 1,775 மீட்டர். பனி கனமாக விழுந்தால் இரண்டிலும் சாலையை மூடிவிட்டு, மேலே தொக்கி நிற்கும் பனியை வெடிவைத்துச் சரியவிடுவார்கள். ரோஜர்ஸில் இந்த வேலைக்கு ராணுவம் பீரங்கியோடு நிற்கிறது. 1910 மார்ச்சில் அங்கே ஒரே பனிச்சரிவில் 58 ரயில்வே தொழிலாளர்கள் மாண்டார்கள். மூடல் சில மணி நேரத்தில் முடியலாம். பெரும்புயல் என்றால் ஒரு நாளையும் தாண்டலாம்.

அதனால் முதல் முடிவு, எந்தத் திசையில் சுற்றுவது என்பது. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள் வானிலையைப் பாருங்கள். ரோஜர்ஸ் பக்கம் புயல் வருகிறது என்றால் சுற்றைத் தலைகீழாக்கி ஃபெர்னியிலிருந்து தொடங்குங்கள். இப்படி மாற்ற முடிய வேண்டுமானால், பணம் திரும்பக் கிடைக்கிற அறைகளாக எடுத்திருக்க வேண்டும். பிப்ரவரி மூன்றாவது திங்கள் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா இரண்டிலும் விடுமுறை. அந்த வாரக்கடைசியில் அறையை மாற்றவே முடியாது, தவிர்த்துவிடுங்கள்.

ரோஜர்ஸ் மூடினால் மாற்று வழி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தெற்கே ரேடியம், கிரான்புரூக் என்று சுற்றினால் ஒரு முழு நாள் போய்விடும். கோல்டனிலேயே தங்கி அங்குள்ள ஸ்கீ மலையான கிக்கிங் ஹார்ஸில் இன்னொரு நாள் ஸ்கீ செய்வதுதான் புத்திசாலித்தனம். கூட்னி கணவாய் அப்படியல்ல. நெல்சனிலிருந்து பால்ஃபோர் போய், ஏரியைக் கார் ஏற்றும் படகில் கடந்து, 3ஏ சாலை வழியாக கிரெஸ்டனில் இறங்கலாம். படகு இலவசம், 35 நிமிடம். சாலை மட்டும் குறுகலானது, வளைவுகள் அதிகம். நெல்சனுக்கு மூன்றாவது இரவு கேட்டதற்கு இதுதான் காரணம்: கணவாய் திறந்திருந்தால் அந்த நாள் ராஸ்லாண்டின் ரெட் மலைக்கு, மறுநாள் மூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே கிளம்புவதற்கு.

ரெவல்ஸ்டோக்கிலிருந்து நெல்சன் சுமார் 245 கிலோமீட்டர். நடுவில் ஷெல்டர் பே படகு, அதுவும் இலவசம்; ஒன்றைத் தவறவிட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சீக்கிரமே இருட்டத் தொடங்கிவிடும். நாள் முழுக்க ஸ்கீ செய்த கால்களோடு இருட்டில் கணவாய் ஏறாதீர்கள். இடம் மாறும் நாளில் காலையிலேயே, மாகாணத்தின் சாலை நிலவரம் காட்டும் டிரைவ்பிசி தளத்தில் சாலைக் கேமராக்களைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். கோல்டனில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். ரெவல்ஸ்டோக் வரை வழியில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

டயர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம். பட்டன் ஆழம் குறைந்தது 3.5 மி.மீ. இருக்க வேண்டும். ஆல்பர்ட்டாவில் அப்படிச் சட்டம் கிடையாது. ஆகவே கால்கரியில் தரும் காரில் ‘எம்+எஸ்’ (சேறு, பனி என்பதன் சுருக்கம்) என்று பொறித்த ஆல்-சீசன் டயர் இருக்கலாம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுகி, பிடிமானம் குறைந்துவிடும். மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள்: டயரின் பக்கவாட்டில், அசல் குளிர்கால டயருக்கான இந்த முத்திரை இருக்கிறதா என்று, கையெழுத்துப் போடுவதற்கு முன் குனிந்து நாலு டயரிலும் பாருங்கள். முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 வரை உறையாததாக இருக்கட்டும். புதியதை ஊற்றினால் மட்டும் போதாது. குழாயில் நிற்கும் பழையது வெளியேறும்வரை பீய்ச்சிவிட வேண்டும், இல்லையென்றால் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். லாரிகளின் பின்னால் போகும்போது உப்புச் சேறு கண்ணாடியை இரண்டு நிமிடத்தில் மறைத்துவிடும், அதனால் டிக்கியில் நாலு லிட்டர் கேன் ஒன்று உபரியாக இருக்கட்டும். மைனஸ் 20 இரவுகளுக்கு எஞ்சின் சூடேற்றி: காரின் முன்கிரில்லில் பிளக் தெரிகிறதா பாருங்கள். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பு மின்சாரம் கொடுத்தால் போதும்.

ஸ்கீ பூட்ஸை இரவில் காரில் விடவே கூடாது. அதன் வெளி ஓட்டின் பிளாஸ்டிக் கல்லாகிவிடும். காலையில் காலை நுழைக்கவே முடியாது, உள்ளே ஈரமும் காய்ந்திருக்காது. ஓட்டுநர் காலடியில், வெப்பக்காற்று படும் இடத்தில் வைத்து ஓட்டவும் கூடாது, பெடலுக்குக் கீழே உருண்டால் ஆபத்து. பக்கத்து இருக்கையின் காலடிதான் இடம். ஸ்கீக்களை வெளித்தாங்கியில் மாட்டினால் உப்புநீர் பட்டு ஒரே இரவில் எஃகு விளிம்பில் துரு ஏறும், பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பிடி) ஸ்பிரிங்கிலும் உப்பு இறங்கும். மூடிய கூரைப்பெட்டி வாங்குங்கள். இல்லையென்றால் அறைக்குப் போனதும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் விளிம்பு முழுக்கத் துடையுங்கள்.

ஃபெர்னியிலிருந்து கால்கரிக்கு சுமார் 300 கிலோமீட்டர். மலை முடிந்து விட்டதென்று தோன்றும் இடத்தில், கிரோஸ்நெஸ்ட் கணவாயைத் தாண்டி பின்சர் கிரீக் பக்கம், பக்கவாட்டுக் காற்று காரைத் தள்ளும். வானம் தெளிவாக இருந்தாலும் தரையோடு பனி பறந்து சாலையை மறைக்கும். கூரைப்பெட்டியின் பட்டைகளை ஃபெர்னியிலேயே இறுக்கிக்கொண்டு, விமானத்தை மாலை ஆறு மணிக்கு மேல் எடுங்கள்.