விடத்தலுக்கு நகவெட்டி

"காட்டில சும்மா முளைக்கிறதுக்கு ஏன் தம்பி தண்ணி ஊத்துறாய்?" பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்விதான். விடத்தல் என்ற முட்புதரைக் கண்டால் கத்தி எடுக்கிற ஊரில் அதை யோகட் கோப்பையில் வளர்க்கிறேன்.

எல்லாம் பூவுக்காக. நிலாவெளிப் பாதையோரப் பற்றையில் பார்த்தது. ஒரே கொத்து, தலைகீழாகத் தொங்கும்; காம்புப் பக்கம் இளஞ்சிவப்பு, நுனிப் பக்கம் மஞ்சள். இளஞ்சிவப்புப் பாதி மலட்டுப் பூ, வெறும் சோடனை. மஞ்சள் பாதியில்தான் காய் பிடிக்கும்.

காய்கள், முறுக்குப் பிழிந்தவர் கோபத்தில் எறிந்தது போலச் சுருண்டு கிடக்கும். உடைத்தெடுத்த 30 விதைகளை அப்படியே மண்ணில் போட்டேன். ஒரு மாதத்தில் முளைத்தது ஒன்று. கிளறினால் மற்றதெல்லாம் பளபளவென்று கிடக்கிறது, அழுகக்கூட இல்லை. அந்தத் தோல் தண்ணீரை உள்ளே விடாது.

"என்ர ஆட்டுப் பட்டியில வந்து பார்" என்றார் ஆச்சி. பார்த்தேன், புழுக்கைக்குள் இருந்து முளைத்து நிற்கிறது! ஆட்டின் குடல் தோலைத் தேய்த்துவிடுகிறதாம். திருகோணமலைக் கோட்டையில் திரியும் மான்களுக்குக் காயைக் கொடுத்துப் பையோடு பின்னால் அலைய எனக்கு நேரமில்லை.

கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போடச் சொன்னார் அம்மா. அந்த ஏழு கிணற்றிலும் இருப்பது குளிக்கிற சூடு, இதற்குக் காணாது. கொதித்த தண்ணீரை இறக்கிவைத்து, 20 விதைகளைப் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். 9 உப்பின. இன்னொரு 20ஐ நகவெட்டியால் கவனித்தேன். கூர்முனையில் முளைக்கரு இருக்கும், அங்கே தொடக்கூடாது. எதிர்ப்பக்கத்தில் மயிரளவு வெட்டி, உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். சாதாரணத் தண்ணீரில் போட்டேன். விடியும்போது 18 இரட்டிப்பாகியிருந்தன. நாலாம் நாள் முளை.

யோகட் கோப்பைதான் பிழை. இரண்டாம் கிழமையே ஆணிவேர் அடி ஓட்டையால் எட்டிப் பார்த்தது. அப்புறம் நீளமான பொலித்தீன் பைகளுக்கு மாற்றி, மாரி தொடங்கிய கையோடு பின்வேலி ஓரம் 14 நட்டேன். கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று வருமுன் வேர் ஆழ இறங்கிவிட வேண்டும். கிணற்றடிப் பக்கம் வைக்கவில்லை. வேர் வெட்டுப்பட்ட இடமெல்லாம் புதுச்செடி கிளம்பும். கியூபாவில் மராபு என்ற பெயரில் மேய்ச்சல் நிலங்களை விழுங்கியது இதே செடிதான்.

போன கிழமை ஆச்சியின் ஆடு வேலி பாய்ந்து மூன்றைக் கடித்துவிட்டது. இரண்டு திரும்பத் துளிர்க்கின்றன. ஆச்சி ஒன்றும் பேசவில்லை, ஒரு பை புழுக்கையை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்.