ஒரே சப்ளையர், இரண்டு கணக்கு

தரவு ஆளுகை, அதாவது நிறுவனத்தின் தரவை யார், எப்படிப் பதிந்து பராமரிப்பது என்ற ஒழுங்கு, என்றதும் பல நிறுவனங்கள் மென்பொருள் வாங்கக் கிளம்பிவிடுகின்றன. அதற்கு முன் உங்கள் சப்ளையர் பட்டியலை எக்செல்லில் இறக்கி, ஜிஎஸ்டி எண்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே எண் இரண்டு மூன்று வரிகளில் நிற்கக்கூடும். ஒன்றில் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

பணம் போவது இங்கேதான். ஒரே பில்லை இரண்டு முறை பதியவிடாமல் கணக்கு மென்பொருள் தடுக்கும். ஆனால் பொதுவாக அது சப்ளையர் கோடு (ஒவ்வொரு சப்ளையருக்கும் மென்பொருளில் உள்ள அடையாளக் குறியீடு), பில் எண், தேதி மூன்றையும் சேர்த்தே ஒப்பிடும். கோடு வேறென்றால் அதே பில் புதிய பில்லாகிவிடும். ஒரே கோடுக்குள்ளேயே ஒருவர் 045 என்றும் மற்றவர் 45 என்றும் அடித்தாலும் இதே கதிதான்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பேன் (PAN) எனப்படும் வருமான வரிக் கணக்கு எண். அந்தப் பத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள். ஒரே பேன், வேறு மாநிலம் என்றால் அது கிளை, இணைக்கக் கூடாது. உண்மையிலேயே இரட்டைப் பதிவென்றால் பாக்கி, முன்பணம், முடியாத ஆர்டர் எல்லாவற்றையும் ஒரு கோடுக்கு மாற்றிவிட்டு மற்றதை முடக்குங்கள். அழித்தால் பழைய பில்கள் அநாதையாகும்.

சரிசெய்த பட்டியலைத் திரும்ப ஏற்றும்போது வங்கிக் கணக்கு எண்ணில் கண் வையுங்கள். எக்செல் முன்னாலுள்ள பூஜ்யத்தை உதிர்த்துவிடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதையெல்லாம் பூஜ்யமாக்கிவிடும். திறக்கும்போதே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்க வேண்டும். பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

புதுக் கோடு யார் திறக்கலாம் என்று முடிவு செய்யாவிட்டால் பட்டியல் மறுபடி கெடும். பர்ச்சேஸ் கேட்கலாம், தேடிப் பார்த்துத் திறப்பது அக்கவுண்ட்ஸில் ஒருவர் மட்டும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு எண்ணான உத்யம் எண்ணுக்கும் அவரே பொறுப்பு. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். உத்யம் எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தால் கெடு தாண்டியது யார் கண்ணிலும் படாது; சம்பளம் போட முடியாமல் தவிப்பது அந்தச் சின்னப் பட்டறைதான்.

வங்கி விவரத்தை ஒருவர் பதிய, வேறொருவர் ஒப்புதல் தர வேண்டும். கணக்கை மாற்றச் சொல்லி மெயில் வந்தால், மெயிலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். ஏற்கெனவே பதிவில் உள்ள எண்ணில் பேசி உறுதிசெய்யும்வரை அந்த சப்ளையருக்கான பணத்தை நிறுத்திவையுங்கள்.