வைரஸை எங்கே இறக்கிவிடுவது?

புதுச்சேரி கோரிமேட்டில் 'வெக்டார்' என்றால் கொசுதான் ஞாபகத்துக்கு வரும். ஜிப்மருக்குப் பக்கத்திலேயே கொசு ஆராய்ச்சி மையம் இருக்கிறதே. புற்றுநோய் மரபணு சிகிச்சையில் வெக்டார் என்பது பெரும்பாலும் வைரஸ். நோய் உண்டாக்கும் பகுதிகளை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மருந்து மரபணுவை ஏற்றி அனுப்புவார்கள்.

'ட்ரிப்ஸில் ஏற்றினால் உடம்பெல்லாம் போய்ச் சேராதா?' என்று பலரும் கேட்பதுண்டு. சேராது. கடலூரில் ஜிப்மருக்கென்று பஸ் ஏறிய கூட்டம் மொத்தமும் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிட்டால் எப்படி இருக்கும்? வெக்டாராக ரத்தத்தில் விட்ட அடினோவைரஸில் பெரும்பகுதி அப்படித்தான் கல்லீரலில் இறங்கிவிடும். சளிக்காய்ச்சலாக முன்பே வந்துபோன வைரஸ் என்பதால், பலரின் உடம்பில் ஆன்டிபாடியும் தயாராகக் காத்திருக்கும். டோஸைக் கூட்டுவதும் ஆபத்து: கல்லீரலும் எதிர்ப்பு மண்டலமும் கொந்தளித்துவிடும்.

அதனால் கை எட்டும் இடத்துக்கே முதலில் போனார்கள். அட்ஸ்டிலாட்ரின் என்ற மருந்து நல்ல உதாரணம். பிசிஜி மருந்துக்கு அடங்காத, தசைக்குள் இறங்காத சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு, 2022 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் அடினோவைரஸ், 75 மி.லி., மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதீட்டர் வழியாக உள்ளே போகும். பையின் உட்சுவரில் வழவழப்பான பூச்சு ஒன்று உண்டு; வைரஸை அது ஒட்டவிடாது. அதைத் தளர்த்த சின்-3 என்ற பொருளையும் கலந்திருக்கிறார்கள். நோயாளி ஒரு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாந்து, குப்புற என்று புரண்டு படுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து ஒரே பக்கம் தேங்கிவிடும். அடுத்த இரண்டு நாள், சிறுநீர் கழித்ததும் பிளீச்சிங் திரவம் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத்தான் ஃபிளஷ். ஆய்வில் 98 பேரில் 50 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அது ஓராண்டு நிலைத்தது. என் கணக்கில் இது சுமாரான வெற்றி. ஆனாலும் பையையே அறுத்தெடுப்பதைத் தள்ளிப்போட உதவுகிறதே.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான டி-வெக் மருந்து ஒரு ஹெர்பிஸ் வைரஸ்; அதைக் கட்டிக்குள்ளேயே குத்துவார்கள். முதல் டோஸ் ஒரு மி.லி.க்கு 10 லட்சம் வைரஸ், மூன்று வாரம் கழித்து அதைப்போல் 100 மடங்கு. வைரஸை முன்பின் பார்க்காத உடம்பு முதலில் பழகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில் வழித்தொல்லையே கிடையாது. நோயாளியின் எதிர்ப்பு மண்டலத்து டி-செல்லை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் லென்டிவைரஸால் மரபணுவைப் புகுத்தித் திருப்பி ஏற்றுகிறார்கள். 2023-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 இந்த ரகம். ஒரு வில்லங்கம் உண்டு: லென்டிவைரஸ் நம் டிஎன்ஏவிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். உட்காரும் இடம் தப்பினால் அந்த டி-செல்லே புற்றாகலாம். இது அபூர்வம்தான். ஆனாலும் கார்-டி எடுத்துக்கொண்டவர்களை ஆயுள் முழுக்கக் கண்காணிக்கச் சொல்லி, 2024-இல் அமெரிக்காவில் மருந்தின் லேபிளிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள்.