சுவரில் ஓர் ஆணி

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் வழிகாட்டியுடன் ஒரு மணி நேரம் சுற்றிவந்தேன். ரெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை, 1715இல் நகர மண்டபத்துச் சுவரில் அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிக் குறைத்ததில், இடப்புறம் நின்றிருந்த இரண்டு ஆண்களும் ஒரு சிறுவனும் காணாமற்போனார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, வேட்டியைக் கத்தரித்துத் துண்டாக்கியதுபோல் இருந்தது எனக்கு.

ஆனால் கூட்டம் மொய்த்த அந்தப் பெரும்படத்தைவிட, அரை மீட்டர் உயரம்கூட இல்லாத வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’தான் என்னை நிறுத்தியது. மண்பாத்திரத்தில் நூலாக இறங்கும் பால், அவள் தலைக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர், அதில் துருத்தி நிற்கும் ஓர் ஆணி, ஆணிக்கும் ஒரு சின்ன நிழல், அருகில் ஆணி பிடுங்கிய துளைகள்! குழு அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டதால், சுற்று முடிந்ததும் தனியாகத் திரும்பி வந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.