தன் எண்ணைத் தானே எழுதும் வீரர்

ஐந்து பேர் ஆடும் கூடைப்பந்தில் எந்த அணி வெல்லும் என்பதை ஒரே வீரர் தன் விருப்பப்படி முடிவு செய்வது கடினம். ஆனால் தன் பெயருக்கு நேரே குறைந்த புள்ளிகள் பதிவாக வேண்டும் என்று அவர் தீர்மானித்துவிட்டால், அதைத் தடுக்க யாராலும் முடியாது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வீரர்கள் எடுக்கும் புள்ளிகள் போன்ற தனிப்பட்ட எண்களை வைத்து நடக்கும் கணிப்புச் சந்தைகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் கால்ஷி போன்ற கணிப்புச் சந்தையில் 'இந்த வீரர் இன்று 25 புள்ளிகளோ அதற்கு மேலோ எடுப்பாரா' என்பது ஓர் ஒப்பந்தம். எடுத்தால் 'ஆம்' வாங்கியவருக்கு 1 டாலர், எடுக்காவிட்டால் 'இல்லை' வாங்கியவருக்கு அந்த டாலர். 'ஆம்' 40 சென்ட்டுக்கு விலைபோனால், வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு என்று சந்தை கருதுகிறது என்று பொருள். பந்தய நிறுவனத்தில் விலை வைப்பதும் எதிர்ப்பக்கம் நிற்பதும் நிறுவனமே. இங்கே எதிர்ப்பக்கம் நிற்பவர் பணம் போட்ட இன்னொருவர்.

அந்த விலைக்குள் இருப்பது பெரும்பாலும் திறமை அல்ல, களத்தில் நிற்கும் நிமிடங்கள். அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் இருந்தால் ஓய்வு கொடுக்கப்படலாம். அணி 30 புள்ளிகள் முன்னிலை பெற்றுவிட்டால் நான்காவது கால்பகுதியில் நட்சத்திர வீரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சக வீரர் காயத்தால் விலகினால் அவருடைய ஷாட்டுகள் இவரிடம் வந்து சேரும். எனவே காயப் பட்டியல் திருத்தப்பட்டவுடன் விலையும் துள்ளுகிறது. (அசிஸ்ட், அதாவது சக வீரர் கூடை போட உதவும் பாஸ், அதன் கணக்கு இன்னும் வேடிக்கையானது: எது அசிஸ்ட் என்பதில் புள்ளிவிவரம் பதிவு செய்பவரின் தீர்ப்புக்கும் இடம் உண்டு.)

உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தது விலையில் வெளிப்படுவதால் கணிப்பு துல்லியமாகிறது என்பது இச்சந்தைகளின் ஆதரவாளர்கள் சொல்லும் வாதம். தேர்தலுக்கோ பணவீக்கத்துக்கோ அதில் ஓரளவு நியாயம் உண்டு. இங்கே தெரிந்தவரும் நிகழ்த்துபவரும் ஒருவரே என்பதால் அந்த வாதம் சரிந்துவிடுகிறது.

டொரான்டோ ராப்டர்ஸ் அணியின் ஜான்டே போர்ட்டர் விவகாரம் இதற்குச் சான்று. 2024 மார்ச் 20 அன்று சாக்ரமென்டோ கிங்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் உடல்நிலை சரியில்லை என்று சொல்லி அவர் சுமார் 3 நிமிடங்களிலேயே வெளியேறினார். அவருடைய எண்கள் குறைவாகவே இருக்கும் என்று, விஷயம் தெரிந்த ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். வென்றிருந்தால் 11 லட்சம் டாலர் கிடைத்திருக்கும். பந்தய நிறுவனம் சந்தேகப்பட்டு அதை முடக்கியது. ஏப்ரலில் என்.பி.ஏ. அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. ஜூலையில் புரூக்ளின் நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் நட்சத்திரம் அல்ல, என்.பி.ஏ.வின் துணை லீக்கான ஜி லீக்கிலும் மாறி மாறி ஆடும் இருவழி ஒப்பந்த வீரர் என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தகையவர்களின் சம்பளம் லீக்கிலேயே மிகக் குறைவு, ஆனால் அவர்கள் பெயரில் கட்டக்கூடிய தொகை அந்த அளவுக்குக் குறைவாக இருக்கவில்லை.

இதன் பிறகு, 2024–25 பருவத்திலிருந்து இருவழி ஒப்பந்த வீரர்கள்மீது 'எண் குறையும்' என்ற பக்கத்தில் பந்தயம் ஏற்பதை அமெரிக்கப் பந்தய நிறுவனங்கள் கைவிட்டன. நல்ல தீர்வுதான், ஆனால் கணிப்புச் சந்தைக்கு அது பொருந்தாது. அங்கே ஒருவர் 'ஆம்' வாங்க வேண்டுமானால் மற்றொருவர் 'இல்லை' வாங்கியாக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மூடிவிட்டுச் சந்தை நடத்த வழியில்லை. எளிதில் விலைபோகக்கூடிய வீரர்களின் பெயரையே பட்டியலில் சேர்க்காமல் விடுவதுதான் அங்கே சாத்தியம், அதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.